காலண்டர் காகிதத்தில் கூடு கட்டிய எலிகள்

எலியை எப்படிப் பிடிப்பது, மருந்தை எப்படிப் புகட்டுவது, கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றுவது எப்படி என்றெல்லாம் புதிதாக ஆய்வுக்கு வந்திருக்கிற உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. விரலில் ஒரு கடி வாங்கினால் மிச்சத்தை எலியே சொல்லிக்கொடுத்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. கையில் இருக்கிற முடிவு பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அதைக் கீழே வைக்கத் தெரியவேண்டும். அதற்குச் செய்முறை கிடையாது. ஒருமுறை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். திசுவைப் பார்த்து நோய் சொல்வது என் வேலை. ஆமத்தூர் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் நிற்கிற ஒரு கல்லூரியின் விலங்கு ஆய்வுக்கூடத்தில்தான் என் காலம் கழிந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்துபோய், வயசுக்கு முந்தியே வெளியே வந்துவிட்டேன். வருத்தமில்லை. குனிந்து பார்த்தது அப்பேர்ப்பட்ட சங்கதி.

பெண் எலியின் சினைப்பை மிளகு அளவுதான் இருக்கும். அதை மெல்லிசாகச் சீவி, ஊதாவும் ரோஸும் ஏற்றி, வெளிச்சத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். வானத்தில் விரிகிற பெரிய வெடி ஒன்றை, கொளுத்துவதற்கு முன்னால் குறுக்கே அறுத்த மாதிரி இருக்கும். ஓரத்தில் உருண்டை உருண்டையாக அடுக்கி வைத்திருக்கும். சில உருண்டை தூங்கும், சிலது விழிக்கும், ஒன்றிரண்டு நீர் கோர்த்துத் ததும்பி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கருமுட்டை. அநேகம் விரியாமலே அடங்கிப்போகும், அது இயற்கை. எது விரியும், எது அடங்கும், யார் தீர்மானிக்கிறார்கள்? இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குத் தெரியாது. அந்த எலி தன் தாய் வயிற்றில் இருந்தபோதே இந்த முட்டைகளுக்கு வித்து விழுந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். சினையாக இருக்கிற ஒரு பெண் எலிக்கு நீங்கள் ஒரு சொட்டுப் புகட்டுகிறீர்கள் என்றால், உங்கள் கை மூன்று தலைமுறைக்கு மேலே நிற்கிறது. கை நடுங்கவேண்டாம். ஆனால் நிற்கிற இடம் தெரிந்திருக்கவேண்டும்.

அந்த வருஷம் எங்கள் கூடத்தில் துத்தநாக ஆக்சைடு வந்து இறங்கியது. வேர்க்குரு பவுடரிலும் முகப்பூச்சிலும் இருக்கிற அதே வெள்ளைதான். ஆனால் இது நானோ அளவுக்கு நுணுக்கியது. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகளுக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். அம்புட்டுச் சிறிசானதும் பொருளின் சுபாவமே மாறிவிடுகிறது. வெளியே நின்றது உள்ளே போகிறது. பேசாமல் கிடந்தது வினை செய்கிறது. மாட்டுத்தீவனத்திலும் கோழித்தீவனத்திலும் இதைக் கொஞ்சம் சேர்த்தால் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கொஞ்சம் என்றால் எம்புட்டு? அந்தக் கொஞ்சம் பெண் உயிரின் சினைப்பையை என்ன செய்யும்? இதுதான் பேச்சியம்மாளின் ஆராய்ச்சி.

பேச்சி திருத்தங்கல்காரி. அவள் அப்பா ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவர். அந்தத் தெருவிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்த முதல் பிள்ளை. உதவித்தொகை முடியப்போகிற வருஷம். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. அந்த மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேலை அவளுக்கு. கொடுக்காவிட்டால் அடுத்தவருக்கு.

எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்திருந்தாள். மூன்று கூட்டத்துக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று துத்தநாகம். நான்காவது கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். அதைத்தான் நாம் கன்ட்ரோல் என்கிறோம். ஒன்றும் நடக்காத உயிர் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வைத்திருப்பது. மற்ற மூன்றும் பேசுகிற பேச்சுக்கு இதுதான் சாட்சி.

ஒவ்வொரு கூட்டத்திலும் சிலதைச் சினைக்கு விட்டோம். மற்றதன் சினைப்பைகள் தகடுகளாகி என் மேஜைக்கு வந்தன. எது எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியாமல் சீட்டு ஒட்டி மறைத்துத்தான் கொடுப்பார்கள். தெரிந்தால் கண் பொய் சொல்லும். வேண்டுமென்று சொல்லாது, பாசத்தில் சொல்லும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லது, சுமார், மோசம் என்று மூன்று தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

முடித்ததும் மறைப்பை எடுத்தோம். மோசம் தட்டில் அதிக அளவும் நடுத்தரமும். எதிர்பார்த்ததுதான். சுமார் தட்டில் குறைந்த அளவு. கூடவே, அதோடு கலந்து, கன்ட்ரோல்.

நல்லது தட்டில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

பேச்சி தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீட்டு மாறிருச்சாக்கா?" என்றாள். மாறவில்லை. மறுபடி மறைத்து, மறுபடி கலைத்து, மறுபடி பார்த்தேன். அதே தட்டு, அதே கூட்டம். தண்ணீர் மட்டும் குடித்த எலிகளின் முட்டைகள் அளவுக்கு மீறி அடங்கிப்போயிருந்தன. சினைக்கு விட்ட கன்ட்ரோல் எலிகளும் வழக்கத்தைவிடக் குறைவாகவே ஈன்றிருந்தன என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். கன்ட்ரோல்தானே, அதற்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

எங்கள் துறைத்தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவகாசி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பி, மச்சினன் எல்லாரும் பட்டாசு, அச்சகம், தீப்பெட்டி என்று இருக்க, இவர் ஒருத்தர்தான் எலியிடம் வந்து சேர்ந்தவர். வாய் ஓயாது, மனசு நல்லது. என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, கண்ணாடிய மாத்தி எம்புட்டு நாளாச்சு?" என்றார்.

"போன மாசந்தான் சார் மாத்துனேன்."

"அப்ப வெடிச்சத்தந்தேன். அந்தப் பக்கத்து ஆலைக்காரன் மத்தியானமானா புதுச் சரக்கப் போட்டுப் பாக்கான்ல. எலி பயந்திருக்கும். பயந்தா சினை நிக்காது."

"போன வருஷத்து எலியும் இதே சத்தத்தக் கேட்டுத்தான் சார் வளந்துச்சு," என்றாள் பேச்சி. "அதுக நல்லாத்தான இருந்துச்சுக."

அவர் எழுந்து போய் எலிகளின் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவரே எழுந்து போய்ப் பார்த்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரைப் பார்த்தோம். தீனியைப் பார்த்தோம். காற்றுப் போகிற வழியைப் பார்த்தோம். நீங்கள் பிரச்சினை தேடும்போது இதைக் கவனியுங்கள்: நமக்குச் சந்தேகமான இடத்தில்தான் முதலில் தேடுவோம். நமக்குப் பெருமையான இடத்தில் கடைசியாகத்தான் தேடுவோம்.

பெருமையான இடம் என்னவென்றால், எலிகளின் படுக்கை. அதுவரைக்கும் நெல் உமிதான் போட்டுக்கொண்டிருந்தோம். ஆய்வு தொடங்கும்போது துறைத்தலைவர், "நானோத் துகள் ஆராய்ச்சி பண்ற எடத்துல உமித்தூசியா? நாலுபேரு வந்து பாத்தா என்ன நெனைப்பாக?" என்று சொல்லி, அவர் மச்சினன் அச்சகத்திலிருந்து கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக இறக்கினார். காலண்டர் சீசன். ஆர்ட் பேப்பரை ஓரம் வெட்டும்போது விழுகிற நாடா நாடாவான துண்டுகள். வழவழப்பு, தூசி இல்லை, பால் வெள்ளை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அச்சுமை. எங்கள் ஊர்ப்பக்கம் கட்டிங் பேப்பரை அழுக்கு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கண்ணாடிச் சாமான் கட்ட அதுதான், மாம்பழம் பழுக்கவைக்க அதுதான், பிள்ளைகள் குதித்து விளையாடுகிற மெத்தையும் அதுதான். வேறு ஊராக இருந்தால் ஒருத்தராவது இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் காகிதத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். கேட்கத் தோன்றவில்லை. நான்கு கூட்டத்துக்கும் ஒரே படுக்கைதான் போட்டோம்.

ஒருநாள் காலையில் பேச்சி கூண்டு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். "யக்கா, இங்கன வாங்க" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. இடுக்கியில் எலிப்புழுக்கை ஒன்றைப் பிடித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது மினுங்கியது.

கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். காகித நாருக்கு நடுவே நீலத்தில் ஒரு பொட்டு, தங்கநிறத்தில் ஒரு துணுக்கு. ஏதோ ஒரு சாமி படத்தின் கிரீடமோ, மயில் கழுத்தோ. அதைச் சுற்றிலும் வெள்ளைப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

"திங்குதுகளா?" என்றேன்.

"பல்லால கிழிக்குதுக. கிழிக்கையில உள்ள போகுது."

அப்போதுதான் கூண்டுகளை உட்கார்ந்து பார்த்தோம். அதுவரைக்கும் எலியைப் பார்த்திருந்தோம், கூண்டைப் பார்த்ததில்லை. ஆண் எலிகளின் கூண்டில் நாங்கள் போட்ட காகித நாடா ஏறக்குறைய போட்டபடியே கிடந்தது. பெண் எலிகளின் கூண்டில் அது நூலாகியிருந்தது. இன்னும் ஈனாமல் மிச்சமிருந்த சினை எலிகளின் கூண்டில் பஞ்சாகியிருந்தது. வாயில் வைத்து, இழுத்து, நறுக்கி, மறுபடி நறுக்கி, பறவை கட்டுகிற மாதிரி வட்டமாக ஒரு கூடு. நடுவில் குழி. குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். என் கன்னத்துத் தோலுக்குக்கூட அத்தனை மெத்து கிடையாது. விரலை வெளியே எடுத்தால் நுனியில் வெள்ளை மாவு.

பிறக்கப்போகிற குட்டியின் தோலில் கீறல் படக்கூடாது என்று எந்த எலி அதிகம் பாடுபட்டதோ, அதன் வயிற்றுக்குள்தான் அந்த வெள்ளை அதிகம் போயிருக்கும். அக்கறை கூடக் கூடக் காகிதம் பொடியாகிறது. கல்லூரிக்குப் போய்ப் படித்த நாங்கள் அளவு பார்த்து, நிறுத்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டிருக்கையில், அந்தச் சின்ன உயிர் தாய்மையின் பேரில் இன்னொரு அளவைத் தானே எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்து கரிசல் வெயிலில் கொஞ்சநேரம் நின்றேன். கண் கூசியது வெயிலினாலா என்று தெரியவில்லை.

வேதியியல் துறையில் காகிதத்தைச் சாம்பலாக்கிப் பார்த்துச் சொன்னார்கள். பூச்சிலும் வெள்ளை மையிலும் டைட்டானியம் ஆக்சைடு, கொஞ்சம் துத்தநாகம். துகள் பல அளவில் இருக்கலாம், சிலது ரொம்பச் சிறிசாகவும் இருக்கலாம் என்றார்கள். அதற்கு மேல் சொல்லமுடியாது. அதனால்தான் முட்டைகள் அடங்கின என்று நானும் அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். மை இருக்கிறது, பசை இருக்கிறது, என்னென்னவோ இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் சாட்சி சாட்சி இல்லை.

மத்தியானம் துறைத்தலைவர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"தாயி, நான் சொல்றதக் கேளு," என்றார் அவர் பேச்சியிடம். "போன வருஷத்துக் கன்ட்ரோல் எலித் தகடு அம்புட்டும் பீரோவுல இருக்கு. அதே இனம், அதே வயசு, அதே ரூம்பு. அத எடுத்து இங்க வச்சுரு. டாக்டரம்மாதான் அதையும் பாத்தாக. பொய்யா? இல்லேல்ல. மாசக் கடைசிக்குள்ள கொடுத்துட்டு வேலைக்குப் போற வழியப் பாரு."

பேச்சி என்னைப் பார்த்தாள். திசு அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டியவள் நான்.

இப்படிப்பட்ட நேரம் உங்களுக்கும் வரும். வரும்போது அது திருட்டு வேஷத்தில் வராது. உங்கள் மேல் பிரியமுள்ள மனுஷன், ஆறின டீயை உங்கள் பக்கம் தள்ளிவைத்துக்கொண்டு, நியாயமாகப் பேசுவார். போன வருஷத்துத் தகடுகள் நிஜம். இந்த வருஷத்துத் தகடுகள் நிஜம். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைக்கும்போதுதான் பொய் பிறக்கிறது. உமியில் படுத்த எலியைக் காகிதத்தில் படுத்த எலிக்கு எதிரே நிறுத்தினால், காகிதம் செய்ததையும் துத்தநாகத்தின் தலையில் கட்டுவோம். சரி, இந்த வருஷத்துக் கன்ட்ரோலையே வைத்துக்கொண்டால்? அது இன்னும் மோசம். குறைந்த அளவும் கன்ட்ரோலும் ஒரே தட்டில்தானே கிடக்கின்றன? 'குறைந்த அளவால் தீங்கு தெரியவில்லை' என்று ஒரு வரி அச்சாகும். அந்த வரி நடந்து நடந்து தீவன மூட்டையின் முதுகில் போய் ஏறும்.

இதை நான் சொன்னேன். சொல்லிவிட்டு, "ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன் பேச்சி. ஆனா வேலை போறது ஒனக்கு, எனக்கில்ல. அதனால என் பேச்சைப் பெரிசா எடுத்துக்கிறாத" என்றேன். அது உண்மை. பட்டம் வாங்கியவர்கள் பட்டம் வாங்காதவர்களிடம் நேர்மை பேசுவது சுலபம்.

பேச்சி சம்பந்தமே இல்லாமல், "எங்க வீட்டுக் கோழிய அடைக்கு வச்சதும் இந்தக் கட்டிங்குலதான் சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "பொரிச்சுச்சா?"

"பொரிச்சுச்சு. ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகல."

"பெறகென்ன! அதச் சொல்லு மொதல்ல!"

"கோழி கூட்டை நறுக்காது சார். சும்மா உக்காந்திருக்கும். இதுக நறுக்குதுக." அவள் டீக் கிளாஸைத் தள்ளிவைத்தாள். "எலி என்ன செய்யும்னே தெரியாமத்தான சார் மூணு வருஷமா எலி ஆராய்ச்சி பண்ணிட்டேன். அதையும் மறைச்சுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இன்னொருத்தருக்குப் பாடம் நடத்துவேன்?"

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன்.

புதிய எலிகள் வேண்டுமென்றால் விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். கொடுத்த எண்ணிக்கையை ஏற்கெனவே தீர்த்திருந்தோம். குழு கூடியபோது பேச்சி கேட்டது குறைவுதான்: கன்ட்ரோலும் குறைந்த அளவும் மட்டும், உமிப்படுக்கையில், புதிதாக. குழுவில் வெளியிலிருந்து வந்த ஓர் அம்மா, கண்ணாடியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:

"செத்ததுக வீணாப் போயிரக்கூடாதுன்னு இன்னும் கொஞ்சத்தக் கொல்லணும்ங்கிற. அப்படித்தானம்மா?"

ஆமாம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது என்கிற கேள்வி.

"ஆமாங்கம்மா," என்றாள் பேச்சி. "அப்படித்தான். வேற எப்படிச் சொன்னாலும் அது வெள்ளையடிக்கிறதா இருக்கும். ஆனா இப்ப இருக்கிற முடிவு வெளியே போச்சுன்னா அதத் தின்னப்போற ஆடு மாட்டுக்கு யாரும் இந்தக் கேள்வியக் கேக்கமாட்டாக."

அப்போது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. எங்கள் துறைத்தலைவர் எழுந்து நின்றார். "அந்தப் பேப்பர நான்தான் கொண்டுவந்து போட்டேன்," என்றார். "அந்தப் பிள்ள உமியே போதும்னுச்சு. வெள்ளையா இருக்கேன்னு நான்தான் ஆசைப்பட்டேன். எழுதிக்கோங்க." ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலுபேர் உட்கார்ந்திருந்த சபை அது. காகிதம் கொடுத்த அவருடைய மச்சினனே எங்கள் கல்லூரியின் நிர்வாகத்தில் இருந்தார். பொதுவாக நாங்கள் கேலி பண்ணிச் சிரிக்கிற மனுஷன். அன்றைக்கு அவர் உட்காரும்வரை யாரும் உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை.

அனுமதி கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது. அந்த விரிவுரையாளர் இடத்தில் வேறொருவர் போய் உட்கார்ந்தார். அவரும் தகுதியானவர்தான். உதவித்தொகையும் நின்றது. பேச்சி விருதுநகரில் ஒரு டுட்டோரியலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்தாள். காலையில் திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் ஸ்டாப்பில் இறங்கி எலிகளைப் பார்ப்பாள். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்து விருதுநகருக்குப் போவாள். சாயங்காலம் திரும்புகையில் மறுபடி இறங்குவாள். துணிப்பையில் சோத்துச் சட்டியும் ஆய்வுக்கூடக் கோட்டும் ஒன்றாகக் கிடக்கும். "சாப்பிட்டீகளாக்கா?" என்று அவள்தான் என்னைக் கேட்பாள். ஒருநாள்கூட நான் முந்திக்கொண்டு கேட்டதில்லை.

அவள் அம்மா ஒருமுறை கேட்டாராம், "எலிக்குப் படுக்கைய மாத்துனதுக்கா ஒன் வேல போச்சு?" என்று. சொல்லிவிட்டுப் பேச்சியே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிய எலிகள் உமியில் படுத்தன. உமி பழுப்பாகத்தான் இருந்தது, கொஞ்சம் தூசியும்தான். பார்க்க வந்த ஒருத்தர் மூக்கைச் சுளித்தார். நாளாக ஆகக் கன்ட்ரோல் எலிகளின் சினைப்பருவச் சுழற்சி, தாளம் தப்பாமல் ஓட ஆரம்பித்தது. தினமும் பார்த்தோம். ஓர் உடம்புக்குள் யாரும் தட்டாமல் ஒரு மேளம் நேரத்துக்கு நேரம் விழுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. படிப்பிலே தெரிந்த விஷயம்தான். தப்பிப்போய்த் திரும்பிவந்தபோதுதான் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று புரிந்தது.

சினைக்கு விட்டோம். மூன்று வாரம் காத்திருந்தோம்.

முதல் எலி ஈன்ற காலையில் பேச்சி டுட்டோரியலுக்குப் போன் பண்ணி வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாள். துறைத்தலைவர் உள்ளே வராமல் கதவோரம் நின்றார். "கூட்டமா நின்னா தாய் மெரளும்லே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேச்சி கன்ட்ரோல் கூண்டின் மூடியை விரலளவு நகர்த்தினாள்.

உமியைத் தள்ளி ஒரு பள்ளம். பள்ளம் நிறைய ரோஸ் நிறத்தில் உயிர் நெளிந்தது. கண் திறக்காதது, காது விரியாதது, ஒரு முடி முளைக்காதது. தோல் அத்தனை மெல்லிசு, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு குட்டியின் வயிற்றிலும் இடப்பக்கம், தோலுக்கு அடியில், வெள்ளையாக ஒரு கீற்று.

"என்ன தாயி அது வெள்ளை?" என்றார் கதவோரத்திலிருந்து. அவர் குரலில் பயம் இருந்தது.

"பால் சார்," என்றாள் பேச்சி. "குடிச்சிருக்குதுக."

பிறந்து கொஞ்சநேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் உலகத்திலிருந்து முதல் வெள்ளை உள்ளே போயிருந்தது. ஒரு குட்டி கூட்டத்திலிருந்து உருண்டு உமியில் விழுந்தது. தாய் வந்து, எங்கள் மூன்று பேரையும் ஒரு பொருட்டாக நினைக்காமல், அதை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பள்ளத்தில் வைத்தது.

பேச்சி எண்ணினாள், எழுதினாள், மூடினாள். அடுத்த கூண்டு குறைந்த அளவு கொடுத்த எலியுடையது. அதுவும் அன்றைக்கே ஈன்றிருந்தது. அதற்குள்ளும் வெள்ளைக் கீற்றுகளே இருக்கவேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அப்படி இருந்துவிட்டால் அவள் இத்தனை இழந்ததற்கு ஒரு புதுச்செய்தியும் மிஞ்சாது என்றும் அதே மனசு அடித்துக்கொண்டது. அவளுக்கும் அதேதான் ஓடியிருக்கவேண்டும். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றாள்.

"இதுல என்ன இருந்தாலும் அப்படியே எழுதிருவேன்க்கா," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

சொல்லிவிட்டுத் திறந்தாள்.